புரோட்டீன் ஸ்கிம்மர்: வாங்குவோரும் செய்வோரும் கேட்கும் கேள்விகள்

100 முதல் 400 லிட்டர் வரையுள்ள வீட்டுக் கடல்நீர்த் தொட்டிகளை மனத்தில் வைத்து எழுதியது இது. ஸ்கிம்மர் சரியாக ஓடவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை கடைசியில் இரண்டு இடத்தில்தான் போய் முடிகின்றன: சம்பின் (தொட்டிக்குத் துணையாக இருக்கும் கீழ்த்தொட்டி) நீர்மட்டம், கழுத்தின் (ஸ்கிம்மரில் நுரை ஏறும் குறுகிய மேற்குழாய்) சுத்தம். கீழே அந்த இரண்டும் திரும்பத் திரும்ப வரும்.

ஸ்கிம்மர் என்னதான் செய்கிறது?

பருப்பு வேகும்போது மேலே நுரை திரளும், கரண்டியால் வழித்து எறிவோம். பருப்பிலிருந்து கரையும் புரதம்தான் அந்த நுரையை உடையாமல் தாங்குகிறது. ஸ்கிம்மர் செய்வதும் இந்தக் கரண்டி வேலைதான். மீன் கழிவு, மிஞ்சிய தீனி, பவளம் விடும் சளி ஆகியவற்றிலிருந்து புரதமும் கொழுப்பும் நீரில் கலக்கின்றன. அந்த மூலக்கூறுகளின் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை விட்டு விலகும். காற்றும் நீரும் தொடும் இடம் கிடைத்தால் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். குழாய்க்குள் நுண்குமிழிகளை அடைத்து விட்டால் அந்தத் தொடுபரப்பு பல மடங்காகிறது. குமிழிகள் ஏறி, கழுத்தில் நெருங்கி, நீர் வடிந்து, அழுக்கோடு மேலே உள்ள சேகரிப்புக் கப்பில் விழுகின்றன.

உப்பு நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவது குறைவு. அதனால் மிகச் சிறிதாகவே நிற்கும். நல்ல தண்ணீரில் அவை சேர்ந்து பருத்து உடைந்துவிடும். ஆகவே நன்னீர்த் தொட்டிக்கு ஸ்கிம்மர் வீண். 1.010 அடர்த்தியுள்ள உவர்நீரில் அரைகுறையாக ஓடும். 1.025 அளவுள்ள கடல்நீரில்தான் ஒழுங்காக நுரைக்கும்.

நைட்ரேட்டைக் குறைத்துவிடுமா?

ஏற்கெனவே நீரில் கரைந்திருக்கும் நைட்ரேட்டையோ பாஸ்பேட்டையோ ஸ்கிம்மர் நேரடியாக எடுக்காது. அவை குமிழியில் ஒட்டாது. புரதம் சிதைந்து அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று படியிறங்குமுன் அதில் ஒரு பங்கை வெளியேற்றுவதுதான் அதன் வேலை.

எவ்வளவு பங்கு? 2009இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் பல வகை ஸ்கிம்மர்களை ஒப்பிட்டு அளந்தார்கள். நீரிலிருந்த மொத்தக் கரிமக் கார்பனில் 20 முதல் 30 விழுக்காடு வரைதான் வெளியேறியது. விலையுயர்ந்ததற்கும் மலிவானதற்கும் நடுவே பெரிய வேறுபாடும் தெரியவில்லை. மிச்சம் நீர் மாற்றம், ஆக்டிவேட்டட் கார்பன், பாக்டீரியா இவற்றின் பொறுப்பு. ஸ்கிம்மர் இருக்கிறது என்று நீர் மாற்றுவதை நிறுத்துவோர் ஆறு மாதத்தில் பச்சைப்பாசியோடு மல்லுக்கட்டுவார்கள்.

எளிதில் மறந்துபோகும் இன்னொரு பயன் காற்றோட்டம். கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மி.கி. ஆக்சிஜன் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் 6.2 மி.கி.தான். சித்திரை வெயிலில் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் ஓடும் தொட்டிக்கு, அழுக்கு எடுப்பதைவிட இந்தக் காற்றூட்டல்தான் பெரிய உதவி.

கட்டாயம் வேண்டுமா?

75 லிட்டருக்குக் கீழே, இரண்டு சிறு மீன்கள் மட்டும் என்றால் வாரம் 10 முதல் 15 விழுக்காடு நீர் மாற்றினால் போதும். அதற்கு மேல், அதுவும் டேங், லயன்ஃபிஷ், டிரிகர் போன்று நிறையத் தின்னும் மீன் இருந்தால் ஸ்கிம்மர் இல்லாமல் சமாளிப்பது கடினம். வோட்கா, வினிகர் ஊற்றி பாக்டீரியா வளர்க்கும் முறையில் இருப்பவர்களுக்குப் பேச்சே இல்லை, கட்டாயம் வேண்டும். பெருகிய பாக்டீரியாவை வெளியே எடுப்பதும் ஸ்கிம்மர்தான், அது தின்றுதீர்க்கும் ஆக்சிஜனை ஈடுகட்டுவதும் ஸ்கிம்மர்தான்.

எந்த வகை வாங்குவது?

இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை நீடில் வீல் வகை. பம்பின் இம்பெல்லரில் (உள்ளே சுழலும் சக்கரம்) ஊசி ஊசியாக முளைகள் இருக்கும், உள்ளே இழுத்த காற்றை அவை பொடிப்பொடியாக நறுக்கும். 20 வாட் பம்ப் என்றால் நாளுக்கு 0.48 யூனிட், மாதம் 14 யூனிட்டுக்குச் சற்று மேல். சம்ப் இருந்தால் சம்புக்குள் வைக்கும் மாடலையே வாங்குங்கள். தொட்டியின் பின்னால் தொங்கவிடும் வகை சம்ப் இல்லாதவர்களுக்கு. அதில் நீர் வழிந்தால் நேரே தரையில்தான். மர ஏர்ஸ்டோன் (காற்றைக் குமிழியாக்கும் மரக்கட்டை) வைத்த, நீர் இறங்க குமிழி ஏறும் பழைய எதிரோட்ட வகை இப்போது கடையில் அரிது. ஆனால் வீட்டில் செய்ய ஏற்றது அதுதான்.

எந்த அளவு? பெரியதாக வாங்கினால் நல்லதுதானே?

இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, குறைந்த மீன்களுக்கு ஒன்று, நிறைய மீன்களுக்கு ஒன்று என்று இரண்டாக இருக்கும். விளம்பரத்தில் பெரிய எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். இரண்டாவது எண்ணைப் பாருங்கள். அது உங்கள் தொட்டி அளவுக்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ இருந்தால் போதும்.

அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்றால், அகலமான கழுத்தில் நுரை நிற்க அதற்கேற்ற அழுக்கு வேண்டும். 200 லிட்டரில் மூன்று மீன்கள் இருக்கும் தொட்டியில் 800 லிட்டர் ஸ்கிம்மரை வைத்தால் நுரை பாதிக் கழுத்து ஏறும், உடையும், மறுபடி ஏறும். கப் வாரக்கணக்கில் காலியாகவே கிடக்கும்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. அக்ரிலிக் உடம்பு எளிதில் கெடாது. கெடுவது பம்ப். இம்பெல்லரைக் கழற்றி மூன்றைப் பாருங்கள்: ஊசிகள் உடைந்திருக்கிறதா, காந்தம் உப்பிப் பிளந்து துரு தெரிகிறதா, தண்டு ஆடுகிறதா. காந்தம் உப்பியிருந்தால் அந்தப் பம்பை நீரிலேயே இறக்காதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த 110 வோல்ட் ஸ்கிம்மரில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடிய ஏ.சி. பம்ப் நம் 50 ஹெர்ட்ஸில் 3000தான் சுற்றும். காற்று இழுப்பும் அதற்கேற்பக் குறையும். டி.சி. பம்ப் என்றால் இந்தத் தொல்லை இல்லை, அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும்.

நானே செய்ய முடியுமா? என்னென்ன வேண்டும்?

முடியும். 200 லிட்டர் தொட்டிக்கான எதிரோட்ட ஸ்கிம்மர் ஒன்றின் கணக்கு இது.

உடம்புக்கு 110 மி.மீ. பி.வி.சி. குழாய் 60 செ.மீ., அடிக்கு ஒரு எண்ட் கேப், மேலே 63 மி.மீ.க்கு இறக்கும் ரெட்யூசர். கழுத்துக்கு 50 மி.மீ. தெளிவான அக்ரிலிக் குழாய் 15 செ.மீ. கப்புக்கு மூடியுள்ள ஒரு லிட்டர் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டப்பா. வெளியேறும் வழிக்கு 25 மி.மீ. குழாய், எல்போ, டீ, டேங்க் நிப்பிள். மணிக்கு 300 லிட்டர் தள்ளும் சிறு பம்ப், இரண்டு வாய் உள்ள ஏர் பம்ப், இரண்டு மர ஏர்ஸ்டோன், ஏர்லைன் டியூப், ரப்பர் கிரோமெட்.

பம்ப் ஏன் இவ்வளவு சிறியது? உடம்பின் உள்விட்டம் சுமார் 104 மி.மீ. அப்படியென்றால் 50 செ.மீ. உயர நீரின் கொள்ளளவு நாலேகால் லிட்டர். மணிக்கு 300 லிட்டர் போனால் ஒவ்வொரு சொட்டும் ஏறத்தாழ 50 நொடி உள்ளே தங்கும். 800 லிட்டர் பம்ப் மாட்டினால் 19 நொடிதான். அழுக்கு குமிழியில் ஒட்ட நேரம் வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு: 300 லிட்டரில் நீர் நொடிக்கு ஒரு செ.மீ. வேகத்தில்தான் கீழிறங்கும், குமிழியை இழுத்துக்கொண்டு வெளியே போகாது.

செய்முறை இப்படி. அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் துளையிட்டு டேங்க் நிப்பிள் வைத்து எல்போ போடுங்கள். அந்த எல்போவிலிருந்து 40 செ.மீ. குழாய் செங்குத்தாக ஏறி டீயில் முடியும். டீயின் பக்கவாய் சம்புக்கு, மேல்வாய் திறந்தே இருக்கட்டும். மூடினால் சைஃபன் ஆகி உடம்பையே காலி செய்துவிடும். அடி எல்போவில் இந்தக் குழாயை மட்டும் ஒட்டாதீர்கள், டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கமாகச் செருகுங்கள். நீர்மட்டத்தைத் திருத்தும் கருவி இதுதான். இந்த 40 செ.மீ. குழாயை 18 டிகிரி பக்கவாட்டில் சாய்த்தால் வாய் ஏறத்தாழ 2 செ.மீ. இறங்கும். வால்வு வாங்கும் செலவு மிச்சம்.

நீர் உள்ளே வரும் துளை 45 செ.மீ. உயரத்தில். உள்ளே ஒரு எல்போ வைத்து நீரைச் சுவரோரமாகத் திருப்பிவிடுங்கள், நேரே நடுவில் பாய்ந்தால் குமிழிகளைக் குலைக்கும். ஏர்லைனுக்கு 57 செ.மீ. உயரத்தில் இரண்டு சிறு துளைகள், கிரோமெட்டோடு. ஸ்டோன்கள் அடியைத் தொட்டும் தொடாமலும் தொங்க வேண்டும், வெளியேறும் துளைக்கு எதிர்ப்புறமாக. ரெட்யூசரையும் ஒட்டாமல் செருகுங்கள். மர ஸ்டோன் நாலு முதல் ஆறு வாரத்தில் ஊறிப் பெரிய குமிழி விடத் தொடங்கும், மாற்றத் திறக்க வேண்டுமே. டப்பாவின் அடியில் துளையிட்டுக் கழுத்துக் குழாயை 8 செ.மீ. உள்ளே நீட்டி, மீன்தொட்டி சிலிக்கான் வைத்து அடையுங்கள். கழுத்தின் கீழ்முனையையும் ரெட்யூசரில் அதே சிலிக்கானால் நிறுத்துங்கள். டப்பா மூடியில் காற்று போக ஒரு துளை.

குமிழி கலந்த நீர் இலேசானது. அதனால் உள்மட்டம் டீ மட்டத்தைவிட நாலைந்து செ.மீ. ஏறித்தான் நிற்கும். டீ 45இல் இருந்தால் உள்ளே 50 என்று கணக்கு வையுங்கள்.

பூஞ்சை எதிர்ப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் கூடாது. பித்தளை வால்வு, இரும்புக் கிளாம்ப் கூடாது. கிளாம்புக்குப் பதில் கேபிள் டை போடுங்கள். எம்சீல் போன்ற எபாக்சியை உட்புறம் தடவினால் நாள்கணக்கில் பொங்கும். சால்வென்ட் சிமெண்ட் 48 மணி நேரம் காயட்டும். பிறகு பாத்ரூமில் ஒரு நாள் நல்ல தண்ணீர் நிரப்பிக் கசிவு பாருங்கள். அதில் நுரை வரவில்லை என்று பதற வேண்டாம், வராது.

ஒரு எச்சரிக்கை: மொத்த உயரம் 80 செ.மீ.யைத் தொடும். 75 செ.மீ. ஸ்டாண்டுக்குள் நுழையாது. உடம்பை 40 செ.மீ.யாக வெட்டி, அந்தச் செங்குத்துக் குழாயையும் மேல் துளைகளையும் அதே 20 செ.மீ. இறக்கி, பம்பை 180 லிட்டருக்குக் குறைத்தால் தங்கும் நேரம் அப்படியே கிடைக்கும். எப்படியும் சம்புக்குள்ளேயே நிறுத்துங்கள், கசிந்தாலும் சம்பிலேயே விழட்டும். ஏர் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போனதும் நீர் டியூப் வழியே இறங்கிப் பம்புக்குள் போகும்.

சம்பில் எவ்வளவு ஆழத்தில் வைப்பது?

கடையில் வாங்கிய நீடில் வீல் வகைக்குப் பெரும்பாலும் 18 முதல் 23 செ.மீ. கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. ஆழம் கூடினால் உள்மட்டம் ஏறி ஈரநுரை வழியும், குறைந்தால் நுரை கழுத்தையே எட்டாது. எண்ணைவிட முக்கியம் அது மாறாமல் இருப்பது. நீர் ஆவியாகும்போது மட்டம் இறங்குவது ரிட்டர்ன் பம்ப் (நீரைத் தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் பம்ப்) அறையில்தான் இருக்க வேண்டும். ஸ்கிம்மர் நிற்கும் அறைக்குத் தடுப்புக் கண்ணாடி வைத்து அதன் உயரமே மட்டத்தைத் தீர்மானிக்கும்படி செய்யுங்கள். சம்ப் ஆழமாக இருந்தால் ஸ்கிம்மருக்கடியில் பி.வி.சி. துண்டுகளால் ஒரு முக்காலி கட்டினால் வேலை முடிந்தது.

புதிதாக மாட்டினேன். நுரையே இல்லை, சிலருக்கு ஒரேயடியாகப் பொங்குகிறதாம்?

இரண்டும் இயல்பு. புது அக்ரிலிக்கிலும் குழாயிலும் தயாரிப்பின்போது படிந்த எண்ணெய்ப் பசை இருக்கும். மூன்று நாள் முதல் இரண்டு வாரம் வரை அது போக்குக் காட்டும். மாட்டுமுன் ஒரு பங்கு வெள்ளை வினிகர், ஒரு பங்கு நீர் கலந்த வாளியில் ஓரிரு மணி நேரம் ஓட்டினால் சீக்கிரம் வழிக்கு வரும். சோப்பு மட்டும் வேண்டாம்.

முதல் நாள் வெளியேறும் வால்வை முழுக்கத் திறந்து மட்டத்தைத் தாழ்த்தி வையுங்கள். நுரை நிலைத்த பிறகு, கழுத்து தொடங்கும் கோட்டுக்கு நீர்மட்டம் வரும்வரை நாளுக்குக் கால் திருகு வீதம் மூடுங்கள். திருகிவிட்டு ஐந்து நிமிடத்தில் மறுபடி திருகுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. ஒரு திருத்தத்தின் பலன் தெரிய ஓர் இரவு ஆகும்.

கப்பில் விழுவது எந்த நிறத்தில் இருக்க வேண்டும்?

கட்டஞ்சாயா நிறம் என்றால் ஈரநுரை, டிகாக்‌ஷன் நிறம் என்றால் உலர்நுரை. ஈரமாக எடுத்தால் மொத்த அழுக்கு கூட வெளியேறும், அதோடு உப்பு நீரும் போகும். மீன் நிறைந்த தொட்டிக்குச் சற்று ஈரம், மற்றவற்றுக்கு நடுத்தரம். கருகருவென்று குழம்பாக இருப்பதில் பெருமை எதுவும் இல்லை.

தீனி போட்டதும் நுரை இறங்கிவிடுகிறதே?

உறைந்த இறால், மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்) இவற்றிலுள்ள எண்ணெய் நுரையை உடைக்கும். தொட்டிக்குள் கை விட்டாலும் தோலின் எண்ணெய் அதையே செய்யும். சில மணி நேரத்தில் தானே ஏறும், வால்வைத் தொடாதீர்கள். நுரை இறங்கியதென்று வால்வை மூடிவிட்டுத் தூங்கப் போனால், எண்ணெய் தீர்ந்ததும் நடுராத்திரியில் கப் வழியும். தீனியை வடிகட்டியில் அலசிப் போட்டால் பாதித் தொல்லை குறையும்.

எந்தத் திருத்தமும் செய்யாமல் திடீரென்று பொங்கினால்?

முதலில் சம்பின் மட்டத்தைப் பாருங்கள். ஏ.டி.ஓ.வின் (ஆவியான நீருக்கு ஈடாகத் தானே நல்ல தண்ணீர் ஊற்றும் கருவி) மிதவை சிக்கி நீர் ஏறியிருக்கலாம். அடுத்து, பவளம் ஒட்ட எபாக்சி வைத்தீர்களா, மீனின் சளிப்படலத்தைக் காக்கும் கண்டிஷனர் ஊற்றினீர்களா, வாளியில் சோப்பு ஒட்டியிருந்ததா என்று யோசியுங்கள். எதுவும் இல்லையென்றால் மீன்களை எண்ணுங்கள். பாறைக்குப் பின்னால் ஏதாவது செத்துக் கிடக்கும்.

கப்பிலிருந்து பெரிய கேனுக்கு டியூப் விடலாமா?

விடலாம், ஆனால் கணக்குப் பாருங்கள். 200 லிட்டர் தொட்டி, 20 லிட்டர் கேன். இரவில் பொங்கி 20 லிட்டர் கடல்நீர் கேனுக்குப் போகிறது, ஏ.டி.ஓ. அதற்கு ஈடாக 20 லிட்டர் நல்ல தண்ணீரை ஊற்றுகிறது. காலையில் உப்பளவு ஆயிரத்துக்கு 35இலிருந்து 31.5. மீன் தாங்கலாம், பவளமும் இறாலும் தாங்காது.

இரண்டு லிட்டர் பாட்டில் போதும். அதன் மூடியை இறுக்கி, காற்று போகும் டியூபைக் கப்பைவிட உயரமாகத் தூக்கிக் கட்டுங்கள். பாட்டில் நிறைந்ததும் நீர் கப்பிலேயே தேங்கி, வழிந்து, சம்புக்கே திரும்பிவிடும். அழுக்கு திரும்புகிறதே என்றால், உப்பு தப்பிக்கிறதே!

அறையின் காற்று தொட்டியைப் பாதிக்குமா?

பாதிக்கும். ஸ்கிம்மர் நாள் முழுக்க அறைக் காற்றைத்தான் நீரில் கலக்கிறது. கொசுவர்த்தி, லிக்விட் வேப்பரைசர், பூச்சி ஸ்பிரே இவற்றிலுள்ள பைரெத்ராய்டு மருந்து மனிதருக்குப் பெரிதாகத் தெரியாத அளவிலேயே மீனுக்கு நஞ்சு, இறால் நண்டுக்கு இன்னும் மோசம். ஹாலில் கொசுவர்த்தி ஏற்றும் வீடு என்றால் ஸ்கிம்மரின் காற்று டியூபை ஜன்னலுக்கு வெளியே நீட்டுங்கள். பெயிண்ட் அடிக்கும் நாளிலும் அப்படித்தான்.

ஏ.சி. போட்டு மூடிய அறையில் பி.எச். 7.8ஐத் தாண்டாததற்கும் காற்றே காரணமாக இருக்கலாம். ஒரு டம்ளர் தொட்டி நீரை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஏர்ஸ்டோன் ஓட்டி மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் அறையில் கார்பன் டை ஆக்சைடு கூடுதல். பஃபர் பவுடர் கொட்டுவதைவிட டியூபை வெளியே விடுவதே மருந்து.

கரண்ட் போய் வந்தால் ஒவ்வொரு முறையும் வழிகிறது. ஏன்?

ரிட்டர்ன் பம்ப் நின்றதும் தொட்டி நீர் இறங்கி, சம்பின் மட்டம் 5 செ.மீ.யோ அதற்கு மேலோ ஏறியிருக்கும். கரண்ட் வந்த நொடியில் ஸ்கிம்மரும் கிளம்பினால் அது அதிக ஆழத்தில் ஓடுகிறது. ரிட்டர்ன் பம்ப் முதலில் மட்டத்தை இறக்கட்டும், ஸ்கிம்மர் சில நிமிடம் கழித்து வரட்டும். ஆன் டிலே டைமர் போதும். ஃபிரிட்ஜுக்கு வைக்கும் ஸ்டெபிலைசர் சிலவற்றில் மூன்று நிமிடத் தாமதம் உண்டு, பழையது கிடந்தால் அதையே மாட்டலாம். ஸ்குவேர் வேவ் இன்வெர்ட்டரில் ஏ.சி. பம்ப் இரைந்து சூடாகும், சைன் வேவ் வேண்டும்.

தொட்டி முழுக்கப் பொடிக்குமிழியாக இருக்கிறதே?

புதிது என்றால் ஒரு வாரம் பொறுங்கள். பிறகும் இருந்தால் சம்பில் தடுப்புக் கண்ணாடி போதவில்லை, அல்லது ரிட்டர்ன் அறையில் மட்டம் குறைந்து பம்பே காற்று இழுக்கிறது. ஸ்பாஞ்ச் வைத்தால் நிற்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை அலசாவிட்டால் அதுவே நைட்ரேட் ஊற்று.

மருந்து போடும்போது?

நிறுத்துங்கள். தாமிர மருந்தோடு பொங்கும், சில மருந்துகளை வெளியே தள்ளியும் விடும். நிறுத்தும் நேரத்தில் ஏர்ஸ்டோன் ஒன்று கட்டாயம். மருந்தைத் தனித் தொட்டியில் போடுவதே முறை.

எப்போது, எதைக் கழுவுவது?

கழுத்தின் உட்புறத்தை வாரம் இருமுறை. அங்கே படியும் பழுப்புப் பசை நுரையை உடைக்கிறது. துடைத்த மறுநாளே கப்பில் விழும் அளவு கூடுவதை நீங்களே பார்க்கலாம். பழைய டூத்பிரஷும் குழாய்த் தண்ணீரும் போதும்.

காற்று டியூப் பம்பில் சேரும் வாயில் உப்புப் பூத்து அடைக்கும். பம்ப் ஓடும்போதே டியூபின் மறுமுனையை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான ஆர்.ஓ. நீரில் முக்கினால் அது உறிஞ்சிக் கரைத்துவிடும். மாதம் ஒருமுறை செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி வினிகரில் ஊறப்போடுங்கள். சுண்ணாம்பு நீர் ஊற்றும் தொட்டியில் இன்னும் அடிக்கடி. திரும்ப மாட்டி ஓட்டியதும் குமிழி குறைவாக, கரகர சத்தத்தோடு வந்தால் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். ஏ.சி. பம்புகள் சில நேரம் தலைகீழாகச் சுற்றத் தொடங்கும்.